ரீமேப் செய்த டர்போ காருக்கு இக்னிஷன் காயில் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, 62,000 கி.மீ. ஓடியது. டவுன்பைப்பும் (டர்போவை ஒட்டிய புகைக்குழாய்) இன்டேக்கும் மாற்றி, அதற்கேற்ப இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளையும் மாற்றி ஸ்டேஜ் 2 ரீமேப் செய்திருக்கிறேன். திருமயம் தாண்டிக் காலி ரோட்டில் நான்காவது கியரில் முழுதாக மிதித்தால் 3,500 ஆர்பிஎம் அருகே வெட்டி வெட்டி இழுக்கிறது, செக் இன்ஜின் விளக்கு மினுக்குகிறது. சிவப்புத் தலைக் காயில் போட்டால் சரியாகிவிடும், பிக்கப்பும் கூடும் என்கிறார்கள். போடலாமா? வண்டி பெரும்பாலான மாதங்கள் வீட்டில்தான் நிற்கும்.
— வாசகர், காரைக்குடி

பதில்: இப்போதைக்குக் காயில், அதாவது பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் பாகம், வாங்காதீர்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றி, கேப்பை (பொறி தாண்டும் இடைவெளி) குறைத்துப் போட்டுப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

மிஸ்ஸிங், அதாவது சிலிண்டர் எரியத் தவறி வெட்டுவது, எந்த இடத்தில் வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பெரிய கியர், முழு மிதி, 3,500 ஆர்பிஎம் என்றால் இன்ஜின் டார்க்கின் உச்சத்தில் நிற்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் நேரம் அது. அழுத்தம் ஏற ஏற, அதே இடைவெளியைத் தாண்ட பொறிக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவை. ரீமேப் பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, ஏற்றிவிட்டது. பிளக்குகள் கம்பெனியில் போட்டவையே என்றால், கேப் தேய்ந்து தேய்ந்து இன்னும் விரிந்திருக்கும். பொறி அங்கே தாண்ட முடியாமல் அணைகிறது, அல்லது பீங்கானின் வெளிப்புறமாக ஓடி ஹெட்டில் எர்த் ஆகிறது. காயில் சார்ஜாக நேரம் போதாமல் வரும் கோளாறு ஆர்பிஎம் ஏறும்போதுதான் தலைகாட்டும். அதுவும் ஒரு சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள இன்ஜினில் அபூர்வம்: 6,000 ஆர்பிஎம்மில்கூட ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் நடுவே 20 மில்லி விநாடி கிடைக்கிறது, சார்ஜாக மூன்று நான்கு போதும்.

பிக்கப் கூடும் என்பதை நம்பாதீர்கள். கேப்பைத் தாண்ட 18,000 வோல்ட் போதுமென்றால், எந்தக் காயிலிலும் வோல்டேஜ் அதோடு நின்று பொறி பாய்ந்துவிடும். 45,000 தரக்கூடிய காயிலால் ஆதாயம் இல்லை. மிஸ்ஸிங் இல்லாத இன்ஜினில் காயிலை மட்டும் மாற்றினால் ஒரு குதிரைத்திறன்கூட ஏறாது. இன்னொன்று, காயிலை எவ்வளவு நேரம் சார்ஜ் செய்வது என்பது ஈசியூவின் (இன்ஜின் கம்ப்யூட்டர்) கையில். கூடுதல் நேரம் கேட்கும் காயிலைப் போட்டு மேப்பைத் தொடாமல் விட்டால், பழையதைவிடப் பலவீனமான பொறிகூட வரலாம்.

பிளக் வாங்கும்போது ஒரு படி குளிர்ந்த வகையை, அதாவது நுனிச் சூட்டை வேகமாக வெளியேற்றுவதை, கேளுங்கள். என்ஜிகே, டென்சோவில் எண் கூடினால் குளிர்ந்தது. போஷில் தலைகீழ், எண் குறைந்தால்தான் குளிர்ந்தது. கடைக்காரரே குழம்பும் இடம் இது. இரண்டு படி இறங்க வேண்டாம். செக்காலை ரோட்டுக்கும் பெரியார் சிலைக்கும் மட்டும் போய்வரும் வண்டியில், பிளக் நுனி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் 500 டிகிரியை எட்டாமல் கரி பிடித்து, வேறொரு மிஸ்ஸிங் ஆரம்பிக்கும்.

கம்பெனி கேப் பொதுவாக 0.7, 0.8 மி.மீ. இருக்கும். உங்கள் நிலைக்கு 0.6 முதல் 0.65 வரை வையுங்கள். 0.5-க்குக் கீழே போனால் ஐடிலிங் நடுங்கும். வயர் வகை கேஜால் அளந்து, வெளிக் கொம்பை மட்டும் வளையுங்கள். நடுவில் இருக்கும் இரிடியம் ஊசியை நெம்பினால் பிளக் அதோடு முடிந்தது.

இன்ஜின் நன்றாக ஆறியபின் காயிலை நேராக மேலே இழுங்கள். பிளக்கைத் திருகுவதற்கு முன் குழிக்குள் காற்றடிப்பது நம் ஊரில் கட்டாயம். அங்கே தங்கியிருக்கும் செம்மண் தூசி சிலிண்டருக்குள் விழக்கூடாது. கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் வளையமாக ஒரு பழுப்புக் கறை இருந்தால் கவலையில்லை. மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு ஓடினால், பொறி அந்த வழியாகத்தான் தப்பியிருக்கிறது. அந்தக் காயிலின் ரப்பர் பூட்டுக்குள்ளும் (பிளக்கின் மேல் உட்காரும் உறை) அதே கோடு இருக்கும். பூட்டை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றினால் கோளாறு சில நாட்களில் திரும்பும். குழியில் ஆயில் நின்றால், கசிவு எங்கிருந்து என்று பார்த்து வால்வ் கவர் சீலை முதலில் சரிசெய்யுங்கள்.

புதிய பிளக்கை 14 மி.மீ. மரைக்கு 25–30 நியூட்டன் மீட்டரில் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்குங்கள். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம். பூட்டின் வாயில் மட்டும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிய வளையமாக.

இதற்குப் பிறகும் வெட்டினால் ஸ்கேனர் போடுங்கள். பி0302 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் இரண்டாவது சிலிண்டர். அந்தக் காயிலை மூன்றுக்கு மாற்றி ஓட்டுங்கள். குறியீடு பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி; ஒரு புதிய ஒரிஜினல் காயில் போதும். இரண்டிலேயே நின்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம் போங்கள். நான்கிலும் பரவலாக பி0300 என்றால் பூஸ்ட் ஹோஸ் கசிவையும் பெட்ரோல் அழுத்தத்தையும் பாருங்கள். விளக்கு மினுக்கும்போது மட்டும் மிதிக்காதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிஸ்டில் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கிற வண்டிகள் செட்டிநாட்டில் நிறைய. அவற்றில் எலி கடித்த காயில் வயரும், சோர்ந்த பேட்டரியும், பழைய பெட்ரோலும் இதே அறிகுறியைக் காட்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் இழுவை மட்டும் குறைந்து, வெட்டு இல்லை என்றால் அது வேறு கதை: சூடான காற்றுக்கு ஈசியூ இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது. காயிலால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

மேம்பட்ட காயிலுக்கு எப்போது வேலை? பெரிய டர்போ மாற்றி, புதிய பிளக்கை 0.55 வரை இறக்கியும் முழு பூஸ்டில் பொறி அணைந்தால். அப்போதும் அந்தக் காயிலுக்கான சார்ஜ் நேரத்தை மேப்பில் எழுதித்தரும் ட்யூனரிடம் பேசிவிட்டே வாங்குங்கள். நீங்கள் கேட்ட சிவப்புத் தலைக் காயில், ஆடி ஆர்8 காரின் காயில்; அதற்குச் சந்தையில் டூப்ளிகேட் ஏராளம். சில இன்ஜின்களில் அடாப்டர் பிளேட் இல்லாமல் உட்காரவும் செய்யாது. உங்கள் வண்டியில் இருப்பது ஏழு கியர் ட்ரை கிளட்ச் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) என்றால், அது 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்குச் செய்யப்பட்டது. கம்பெனி மேப்பே அந்த எல்லையில்தான் நிற்கிறது. காயிலுக்கு ஒதுக்கிய பணத்தை கிளட்ச்சுக்கு எடுத்து வையுங்கள்.

பிளக்கை இனி 25,000–30,000 கி.மீ.க்கு ஒருமுறை கழற்றி கேப்பை அளந்து பாருங்கள். நல்ல காயில் ஒன்றை, கழற்றும் டூலோடு டிக்கியில் போட்டு வையுங்கள். தேவகோட்டை தாண்டி ஒரு காயில் போய்விட்டால், பத்து நிமிடத்தில் மாற்றிக்கொண்டு கிளம்பலாம்.