ப்ளோயர் ஓடும்போது மட்டும் பிஎச் அளவு ஆடுவது பற்றி

ராணிப்பேட்டை தோல் கழிவுநீர் நிலையத்தில் ப்ளோயரின் (காற்றூதியின்) விஎஃப்டி, அதாவது மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி, ஓடத் தொடங்கியதும் பிஎச் அளவு 7க்கும் 9க்கும் இடையே தாவுகிறது, பிஎல்சி (கட்டுப்பாட்டுக் கணினி) கார்டை மாற்றியும் தீரவில்லை என்கிறீர்கள். கார்டின் மேல் பழி போடாதீர்கள், நண்பரே.

ப்ளோயர் ஓடட்டும். பேனலில் களத்திலிருந்து வரும் சிக்னல் கம்பியைக் கழற்றிவிட்டு, லூப் கேலிபரேட்டரால் (குறித்த மின்னோட்டம் தரும் சோதனைக் கருவி) 12 மில்லியாம்பியர் கொடுங்கள். 4–20 மில்லியாம்பியர் சிக்னலை 0–14 பிஎச் என்று அளவிட்டிருந்தால், 12 அதன் நடு என்பதால் திரையில் 7 அசையாமல் நிற்க வேண்டும். நின்றால் கார்டு நல்லது. பிறகு அதே 12ஐ டிரான்ஸ்மிட்டர் (பிஎச் அளவைச் சிக்னலாக அனுப்பும் கருவி) முனையிலிருந்து கொடுங்கள். அங்கே ஆடினால் கேபிள்தான் குற்றவாளி. ஆடாவிட்டால் எலக்ட்ரோடு (நீரில் பிஎச்சை உணரும் முனை) பக்கம் பாருங்கள்.

வாணியம்பாடியில் இதே தொல்லைக்கு இரண்டு இரவு விழித்தேன். சிக்னல் கேபிளின் ஷீல்டை (மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இரு முனையிலும் எர்த் செய்திருந்தார்கள். போதாக்குறைக்கு மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் படுக்க வைத்திருந்தார்கள். களமுனையில் ஷீல்டைக் கழற்றி டேப் சுற்றியதும் பாதி ஆட்டம் அடங்கியது. தனி டிரேக்கு மாற்றியதும் மீதியும் போயிற்று.

புரோகிராமில் ஃபில்டர் போட்டு, அதாவது அளவைச் சராசரியாக்கி, ஆட்டத்தை மறைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். டோசிங் பம்பு அந்தப் பொய்யளவை நம்பித்தான் அமிலம் ஊற்றும்.