நீள முடியோட நுனி டேமேஜ் ஆயிடுச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? வெட்டித்தான் ஆகணுமா?

மாசத்துக்கு சுமாரா 1 செ.மீ. தான் முடி வளரும், அப்போ இடுப்பு வரைக்கும் இருக்கிற முடியோட நுனிக்கு அஞ்சாறு வயசு ஆயிருக்கும், அத்தனை வருஷம் சீப்பு, வெயில், ஷாம்புன்னு தாங்கி மேல இருக்கிற செதில் லேயர் தேஞ்சு உள்ள இருக்கிற நார் பிரிஞ்சுடுது.

பின்னல் நுனியை வெள்ளைத் துண்டு மேல வெச்சு ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. ரெண்டா பிரிஞ்சிருக்கிறது ஈஸியா தெரிஞ்சிடும். நிறைய பேர் கவனிக்காதது வெள்ளைப் புள்ளி, பார்க்க பொடுகு மாதிரியே இருக்கும் ஆனா தட்டினா உதிராது, லேசா இழுத்தா முடி அங்கயே ஒடியும். நுனி பிரியாம மெலிசா கூரா முடிஞ்சா பயப்படாதீங்க, அது வெட்டே படாம வளர்ந்த முடி.

பிளந்தது திரும்ப ஒட்டவே ஒட்டாதுங்க. சீரம் போட்டா ஒட்டின மாதிரி தெரியும், தலைக்கு குளிச்சா போச்சு. நீளம் போகக்கூடாதுன்னா பிளவுக்கு கால் இஞ்ச் மேல அந்த ஒத்த முடியை மட்டும் நறுக்குங்க, முடி வெட்டுற கத்திரிக்கோல்தான் வேணும், பேப்பர் வெட்டுறது வேணவே வேணாம் ப்ளீஸ், மொக்கையா இருந்தா நசுங்கி மறுபடி பிளக்கும். புள்ளி நிறைய இருந்தா மொத்தமா ஒரு இஞ்ச் எடுத்துடறதுதான் நல்லது, விட்டா பிளவு மேல ஏறும்.

குளிக்கிறதுக்கு முன்னாடி நுனிக்கு தேங்காய் எண்ணெய் வைங்க, அது முடிக்குள்ள இறங்கி புரதம் போறதைக் குறைக்கும். ஈர முடியை இழுத்து சீவாதீங்க, காஞ்சதும் நுனியில இருந்து மேல மேல சிக்கெடுங்க.