சர்க்கரை ஆலை பாய்லரும் கரும்புச் சக்கையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆலைக்கு கரும்பு லோடு கொண்டு போறப்பல்லாம் பாய்லர் பக்கம் எட்டிப் பாப்பேன். முன்னாடி வரிசையா ஆளுங்க நிப்பாங்க, இப்ப ஒருத்தரும் இல்ல, சக்கை தானா மேல போகுது தானா உள்ள விழுது. எவ்வளவு போடணும்னு யாருங்க பாக்குறா?
(கரும்பு விவசாயி, சங்கராபுரம்)

பதில்: ஆள் இருக்காங்கய்யா, உலைக்கு முன்னாடி நிக்காம கண்ட்ரோல் ரூம்ல உக்காந்திருக்காங்க. உங்க கரும்பு கடைசி மில்லுல பிழிஞ்சு வெளிய வரும்போது சக்கையில பாதிக்குப் பாதி தண்ணிதான், சுமாரா 50 சதவீதம் ஈரம். 100 டன் கரும்புக்கு 28லருந்து 30 டன் சக்கை கிடைக்கும். ஒரு நாளைக்கு 2,500 டன் அரைக்கிற ஆலைன்னா மணிக்கு கிட்டத்தட்ட 30 டன் சக்கை, ஆனா உதிரி சக்கை ஒரு கன மீட்டருக்கு 100, 120 கிலோதான் தேறும், அப்போ மணிக்கு 250 கன மீட்டருக்கு மேல உலைக்குள்ள போயாகணும், ராத்திரி பகல் நிக்காம, அரவை முடியற வரைக்கும். ஆளுங்க தள்ளி சமாளிக்கிற காரியமா இது?

மில்லுலருந்து எலிவேட்டர் சக்கைய தூக்கிட்டு போய் பாய்லர் தலைக்கு மேல ஓடுற நீளமான கேரியர்ல போடும். அந்த கேரியருக்கு கீழ, பாய்லர் முகப்புல, ஆள் உயரத்துக்கு மேல நிக்கிற இரும்புப் பெட்டி மாதிரி வரிசையா ஷூட் இருக்கும். மொத ஷூட் நிறைஞ்சதும் சக்கை தாண்டி அடுத்ததுக்கு போகும், எல்லாம் நிறைஞ்சப்புறம் மிச்சம் யார்டுக்கு, அதாவது சக்கை குவிச்சு வைக்கிற இடத்துக்கு, போயிடும். ஷூட்டுக்கு அடியில பல்லு வச்ச ரெண்டு டிரம், இததான் ஃபீடர்னு சொல்றது, ஒண்ண ஒண்ணு பாத்து சுத்தி சக்கைய கொஞ்சம் கொஞ்சமா கீழ விடும், அங்க ஒரு காத்துப் பீச்சல் அத உலைக்குள்ள விசிறி அடிக்கும், தூள் அந்தரத்துலயே எரிஞ்சுடும், கனமான நாரு கிரேட்டுல, அதாவது உலைக்கு அடியில இருக்கிற இரும்புத் தட்டியில, விழுந்து எரியும்.

அளவ பாக்குறது ஸ்டீம் பிரஷர். பிரஷர் இறங்குனா டிரம் வேகமா சுத்தும், ஏறுனா மெதுவாகும், கூடவே காத்து ஃபேனும் மாறும். பழைய ஆலைங்கள்ல 21 கிலோ பிரஷர் (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு) மாதிரி ஓட்டிக்கிட்டு இருந்தாங்க, கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் தாங்கும். இப்ப கரண்டு தயாரிச்சு விக்கிற ஆலைங்கள்ல 67 கிலோ, 87 கிலோ, 110 கிலோன்னு போயாச்சு, டர்பைனுக்கு போற ஸ்டீம் 500 டிகிரிக்கு மேல கூட இருக்கும். அங்க பிரஷரும் டெம்பரேச்சரும் ஊஞ்சலாடுனா டர்பைன் டிரிப் ஆகி, அதாவது பாதுகாப்புக்காக தானா நின்னு, ஆலையே நிக்கும், நீங்க லோடோட வாசல்ல காத்துக் கிடக்கணும்.

கேள்வி: சார், நான் செகண்ட் கிளாஸ் அட்டெண்டண்ட். ஃபீடர் எல்லாம் ஆட்டோல போட்டுதான் ஓட்டுறோம். ஆனா பிரஷர் ஏறுது, சேஃப்டி வால்வு தூக்குது, கொஞ்ச நேரத்துல சரிஞ்சு விழுது, மறுபடி ஏறுது. பிஎல்சி (ஃபீடர, ஃபேன ஓட்டுற கண்ட்ரோல் கம்ப்யூட்டர்) புரோகிராம்தான் சரியில்லன்னு எங்க இன்ஜினியர் சொல்றாரு. உண்மையா?
(பாய்லர் ஊழியர், தியாகதுருகம்)

பதில்: தம்பி, பிஎல்சிய தொடுறதுக்கு முன்னாடி ஷூட்ட பாருங்க. எனக்கு தெரிஞ்சு இந்த மாதிரி கம்ப்ளைண்ட்ல பெரும்பாலானது ஷூட் காலியாகறதுலதான் ஆரம்பிக்குது.

என்ன நடக்குதுன்னு வரிசையா சொல்றேன். உங்களுக்கு நாலு ஷூட் இருக்குன்னு வைங்க. மில்லு ஹவுஸ்ல கரும்பு அடைச்சு கொஞ்ச நேரம் நின்னுச்சு, கேரியர்ல சக்கை குறைஞ்சுது, கடைசி ரெண்டு ஷூட் காலி. டிரம் வெறும் காத்துல சுத்திக்கிட்டு இருக்கு, கண்ட்ரோலருக்கு அது தெரியாது, அதுக்கு தெரிஞ்சதெல்லாம் பிரஷர் இறங்குதுங்கிறது மட்டும்தான், அதனால நாலு ஃபீடரையும் ஃபுல் ஸ்பீடுக்கு ஏத்திடும். முதல் ரெண்டு ஷூட் பக்கம் ஈரச்சக்கை கிரேட்டுல மலையா குவியும், எரியாது, இன்னும் அணைக்கும். அப்புறம் மில்லு ஓட ஆரம்பிச்சு சக்கை வந்ததும் நாலு பக்கமும் ஒரே நேரத்துல கொட்டும், ஏற்கனவே குவிஞ்சு கிடந்ததும் காஞ்சு சேந்து பிடிச்சுக்கும், பிரஷர் எகிறும், வால்வு தூக்கும். நீங்க சொன்னது இதேதான்.

இதுக்கு மருந்து மூணு இடத்துல இருக்கு. ஒவ்வொரு ஷூட்டுக்கும் லெவல் சென்சார் வேணும், அது சும்மா லைட் எரிய விடுறதுக்கு இல்ல, லெவல் இறங்க ஆரம்பிச்சதுமே யார்டுலருந்து சக்கை எடுக்குற கேரியர் தானா ஓடணும், ஷூட் காலின்னா அந்த ஃபீடர கணக்குலருந்து கழட்டி மத்த மூணுக்கும் ஒரு உச்ச வரம்பு போடணும். ரெண்டாவது, மெயின் கேரியர்ல பாய்லருக்கு தேவையானத விட கொஞ்சம் அதிகமாவே எப்பவும் சக்கை ஓடணும், மிச்சம் யார்டுக்கு திரும்பறத வீண்னு நெனச்சு சில பேரு அளவா விடுவாங்க, அதுதான் தப்பு, அந்த மிச்சம்தான் கடைசி ஷூட்ட நிறைச்சு வைக்குது. மூணாவது காத்து. லோடு ஏறும்போது முதல்ல காத்து ஏறணும் அப்புறம் சக்கை, இறங்கும்போது முதல்ல சக்கை குறையணும் அப்புறம் காத்து. இது உங்க புரோகிராம்ல இருக்கான்னு இன்ஸ்ட்ருமெண்ட் ஆளுங்க கிட்ட கேளுங்க. புகைபோக்கிக்கு போற கேஸ்ல ஆக்சிஜன் 4லருந்து 5 சதவீதம் இருக்கிற மாதிரி பாத்துக்கிட்டா நல்லது.

இன்னொன்னு, ஃபீடர் ஒரே ஆர்பிஎம்ல ஓடுனா ஒரே அளவு சூடு போகுதுன்னு அர்த்தம் இல்ல. டிரம் அளக்கறது கன அளவ மட்டும்தான். சக்கை இறுகலா இருக்கா உதிரியா இருக்கா, ஈரம் எவ்வளவு, அதுக்கு தெரியாது. முழுசா காஞ்ச சக்கை கிலோவுக்கு 4,600 கிலோகலோரி கிட்ட தரும், 50 சதவீத ஈரத்துல அது 2,250 கிட்ட வந்துடும், அதுலயும் ஒரு பங்கு அந்த தண்ணிய ஆவியாக்கவே செலவாகுது. கடைசி மில்லுல ரோலர் அழுத்தம் குறைஞ்சு ஈரம் 52 ஆயிட்டா உங்க பாய்லர் ஒரு மணி நேரம் திணறும், நீங்க இங்க எந்த பட்டன அமுக்குனாலும் சரியாகாது. மில்லு ஹவுஸுக்கு போன் போடுங்க. பாய்லரும் மில்லும் பேசிக்காத ஆலையில எந்த ஆட்டோமேஷனும் எடுபடாது, இத உங்க இன்ஜினியர் கிட்டயும் சொல்லுங்க.

கேள்வி: இன்பிளாண்ட் டிரெய்னிங் போனப்ப ஷூட் கீழ வர வர அகலமாகறத பாத்தேன். ஹாப்பர்னா (பொருள கொட்டி கீழ இறக்குற தொட்டி) கீழ குறுகலாதானே இருக்கணும்?
(டிப்ளமோ மெக்கானிக்கல் மாணவி, தஞ்சாவூர்)

பதில்: நல்லா பாத்திருக்கம்மா. பத்தாயத்துல நெல்லு கீழ குறுகலான வாய் வழியா சரசரன்னு இறங்கிடும், ஏன்னா மணி மணியா இருக்கு. சக்கை நாரு, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும், குறுகலான இடத்துல அழுத்துனா வளைவு மாதிரி பாலம் கட்டி அப்படியே தொங்கும், மேல எவ்வளவு கொட்டுனாலும் இன்னும் இறுகும். அதனால சுவர் கிட்டத்தட்ட செங்குத்தா, கீழ போகப்போக சில டிகிரி விரிஞ்சு இருக்கணும். உள்பக்கம் வழவழன்னு இருக்கணும்னு ஸ்டெயின்லெஸ் தகடு போடுவாங்க. உங்க புராஜெக்ட்டுக்கு ஒரு யோசனை, பழைய ஷூட் ஒண்ணுல எந்த இடத்துல அடைக்குதுன்னு குறிச்சு வச்சு அந்த இடத்து கோணத்த அளந்து பாருங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஃபயர்மேன். ஆட்டோமேட்டிக் வந்தாச்சு இனி உலை முன்னாடி வேலை இல்லன்னாங்க. ஆனா சக்கை அடைச்சா இவரதான் கூப்பிட்டு கம்பியால குத்த சொல்றாங்க. ஒரு தடவை நெருப்பு வெளிய அடிச்சு புருவமெல்லாம் பொசுங்கி வந்தாரு. இது சாதாரணமா?
(குடும்பத் தலைவி, கடலூர் மாவட்டம்)

பதில்: சாதாரணம் இல்லம்மா, சாதாரணம்தான்னு யாரு சொன்னாலும் ஏத்துக்காதீங்க. ஷூட் நிறைய சக்கை இருக்கறது எரிக்கறதுக்கு மட்டும் இல்ல, அது ஒரு மூடி. உலை நெருப்பு மேல ஏறாம தடுக்குறது அந்த சக்கைதான். பாலம் கட்டி நடுவுல தொங்குனா அதுக்கு கீழ காலி, மூடி போச்சு. அப்போ கம்பியால குத்துனா தொங்குன மொத்த சக்கையும் ஒரே கட்டியா உலையில விழும், தூள் பறந்து குப்புன்னு பிடிக்கும், உலைக்குள்ள அழுத்தம் ஏறி நெருப்பு திறந்திருக்கிற கதவு வழியாதான் வரும். அங்கதான் உங்க வீட்டுக்காரர் நிக்கிறாரு.

குத்தித்தான் ஆகணும்னா, அந்த ஷூட்டோட ஃபீடர நிறுத்தணும், கீழ இருக்கிற அடைப்புத் தகட மூடணும், உலை டிராஃப்ட் நெகட்டிவ்ல இருக்குன்னு, அதாவது உலை காத்த உள்ள இழுக்குதுன்னு, கண்ட்ரோல் ரூம் வாய்விட்டு சொல்லணும், அதுக்கப்புறம்தான் கதவ திறக்கணும், நேரா நிக்காம ஓரமா நிக்கணும், முகக் கவசமும் வெப்பம் தாங்குற கோட்டும் போட்டிருக்கணும். டிரம்முக்குள்ள கை விடுறதுன்னா கரண்டையே பூட்டு போட்டு நிறுத்தி சாவி இவர் பாக்கெட்ல இருக்கணும். இத எழுத்துல ஒட்டி வைக்க சொல்லி சேஃப்டி கமிட்டியில கேக்க சொல்லுங்க, கேக்க உரிமை இருக்கு. அடிக்கடி அடைக்குதுன்னா தப்பு ஷூட்டுல இருக்கு, உள்ள துருவோ வெல்டிங் பிசிறோ நீட்டிக்கிட்டு இருக்கும், சீசன் முடிஞ்சதும் ஓவர்ஹால்ல சரி பண்ணியே ஆகணும். என்னைக் கேட்டா, ஃபீடிங் நல்லா இருக்கா இல்லையான்னு பாக்க ஸ்க்ரீன்ல கோடு பாக்க வேணாம், ஒரு ஷிஃப்டுல எத்தனை தடவை கம்பி எடுத்தாங்கன்னு எழுதி வச்சா போதும்.

கேள்வி: கவுந்தப்பாடி பக்கம் நாட்டுச்சர்க்கரை ஆலை வச்சிருக்கோம். அடுப்புக்கு சக்கை போட ஆள் கிடைக்கல. சின்னதா ஒரு ஆட்டோ ஃபீடர் போடலாமாங்க?

பதில்: இப்போதைக்கு வேணாங்க. உங்க கிரஷர்லருந்து வர்ற சக்கை நீள நீளமா பட்டையா இருக்கும், வெயில்ல காய வச்சு போடுறீங்க, டிரம் ஃபீடருக்கு அது சுத்திக்கும். முதல்ல அத துண்டு போடுற மெஷின் வேணும், அதுக்கு கரண்டு வேணும். அதோட பாகு பதத்துக்கு வரும்போது தீய சட்டுனு குறைக்கணும், அந்த கண்ணு உங்க ஆளுகிட்டதான் இருக்கு. அந்த காச அடுப்புக்கு இரும்பு கிரேட், புகைபோக்கியில ஒரு டேம்பர் (காத்த கூட்டிக் குறைக்கிற தகடு), இதுக்கு செலவழிங்க, சக்கை மிச்சமாகும், ஆளும் அவ்வளவு ஓட வேண்டியதில்ல.

கேள்வி: சக்கைய எரிக்காம பேப்பர் பண்ணலாமே?
(ஆசிரியர், கரூர்)

பதில்: உங்க ஊர் பக்கத்துலயே பண்றாங்களே! காகிதபுரத்துல டிஎன்பிஎல் (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்) சக்கையிலருந்து பேப்பர் எடுக்குறதுக்குன்னே ஆரம்பிச்ச அரசு நிறுவனம், 1979ல தொடங்குனது, 1984லருந்து உற்பத்தி. சக்கைய குடுத்துட்டா ஆலை எத எரிக்கும்னு ஒரு கேள்வி வருதுல்ல, அதுக்கு பதிலா நிலக்கரியோ ஸ்டீமோ ஆலைக்கு குடுக்குற ஏற்பாடு அங்க இருக்கு.

கேள்வி: வயல்ல கிடக்கிற கரும்புச் சோகைய (காஞ்ச இலைய) கொளுத்தாம ஆலைக்கு குடுத்தா பாய்லர்ல போடுவாங்களா?
(விவசாயி, சத்தியமங்கலம்)

பதில்: போடலாம், கொஞ்சமா. சோகை சக்கைய விட காஞ்சது, சூடு நல்லா தரும். ஆனா கரும்ப பிழியும்போது தண்ணியோட கழுவிப் போற பொட்டாசியமும் குளோரினும் சோகையில அப்படியே இருக்கும், அது சாம்பல உருக வச்சு கிரேட்டுல கட்டி தட்டும், ஸ்டீம இன்னும் சூடாக்குற சூப்பர்ஹீட்டர் டியூப்ல ஒட்டும். மண்ணும் சேந்து வந்தா டியூப் தேயும். நீளமா போட்டா மேல சொன்ன ஷூட் அடைப்பும் சேந்துக்கும். அதனால நல்லா துண்டு போட்டு, மண்ணு உதறி, சக்கையோட சீரா கலந்து கேரியர்ல விடணும், ஒரே இடத்துல டிராக்டர் லோட கவுத்தக் கூடாது. உங்க ஆலையில துண்டு போடுற மெஷின் இருக்கான்னு கேன் ஆபீஸ்ல (ஆலையோட கரும்புப் பிரிவு) கேளுங்க, இல்லன்னா சோகைய வயல்லயே மூடாக்கா விட்டுடுங்க, மண்ணுக்காவது ஆகும்.