உபரியும் புல்தரையும்: ஹாக்கிச் சங்க ஆண்டறிக்கை பற்றி வாசகர் கேள்விகள்

ஒரு வட்டார ஹாக்கிச் சங்கத்தின் ஓராண்டுப் போட்டிகளையும் உறுப்பினர் வளர்ச்சியையும் வரவு செலவையும் எப்படி மதிப்பிடுவது என்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: எங்கள் சங்கத்தின் ஆண்டறிக்கை 40 பக்கம் இருக்கிறது. தலைவர் உரை, கோப்பை வென்ற அணிகளின் படங்கள், பயிற்சி முகாம்கள், இறுதியில் கணக்கு. பொதுக்குழுக் கூட்டத்துக்குள் எதையாவது ஒழுங்காகப் படிக்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?

பதில்: பின்னாலிருந்து தொடங்குங்கள். தலைவர் உரையில் எல்லா ஆண்டுகளும் நல்ல ஆண்டுகளே. கணக்கில் அப்படி இருக்க முடியாது. முதலில் சங்கத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பையும் அதன் அடிக்குறிப்புகளையும் படித்துவிட்டு, அடுத்ததாகப் போட்டி அட்டவணையில் எத்தனை ஆட்டங்கள் திட்டமிடப்பட்டன, எத்தனை உண்மையில் நடந்தன என்பதைப் பாருங்கள். அதன் பிறகு உறுப்பினர் எண்ணிக்கைக்கு வாருங்கள். அறிக்கை இவற்றை மூன்று தனி அத்தியாயங்களாக அச்சிட்டிருந்தாலும், ஹாக்கியைப் பொறுத்தவரை மூன்றும் ஒரே பொருளில் வந்து முட்டுகின்றன. அந்தப் பொருள் புல்தரை. அதன் மீது கிடைக்கும் நேரத்தைத்தான் சங்கம் ஆட்டங்களாகவும் பயிற்சிகளாகவும் பங்கிடுகிறது. சந்தாவாகத் திரட்டுவதும் அந்த நேரத்துக்கான விலையைத்தான்.

கேள்வி: கடந்த நான்கு ஆண்டுகளாக எங்கள் சங்கம் உபரி காட்டி வருகிறது. ஆனால் செயற்கைப் புல்தரையை மாற்றப் பணம் இல்லை என்று செயற்குழு இப்போது கைவிரிக்கிறது. யாரோ தவறு செய்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

பதில்: முறைகேடு என்று நினைக்க வேண்டியதில்லை. ஒரு காசும் காணாமல் போகாமலே இந்த நிலை வரும். பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

1976ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. அன்று முதல் இந்த ஆட்டத்தின் பொருளாதாரமே மாறிவிட்டது. இயற்கைப் புல்லுக்கு வேண்டியது ஆண்டுதோறும் சிறு பராமரிப்புச் செலவு. செயற்கைத் தரையோ பல ஆண்டுகள் அமைதியாகக் கிடந்துவிட்டு, ஒருநாள் மொத்தமாகப் பணம் கேட்கும். ஆடுகளம் 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்டது; அதாவது 5,000 சதுர மீட்டருக்குச் சற்று மேல். சுற்றோரத்தையும் சேர்த்தால் பரப்பு இன்னும் கூடும். பயன்பாட்டைப் பொறுத்து மேல்விரிப்பு 8 முதல் 12 ஆண்டுகள் உழைக்கும். அடியிலுள்ள அதிர்வு தாங்கும் மெத்தை நன்றாக இடப்பட்டிருந்தால் அதைவிட நீண்ட காலம் தாங்கும்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. தரை அமைக்க 100 பங்கு செலவானது என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 பங்கு அரசு மானியம். 20 பங்கு சங்கத்தின் சொந்தப் பணம். ஆயுள் 10 ஆண்டுகள் என்றால் ஆண்டுத் தேய்மானம், அதாவது தரை தேய்வதற்காக ஆண்டுதோறும் செலவாக எழுதும் தொகை, 10 பங்கு. ஆனால் மானியமாக வந்த 80 பங்கையும் அதே 10 ஆண்டுகளில் பகுதி பகுதியாக வருவாயில் சேர்ப்பது வழக்கமான கணக்கு முறைகளில் ஒன்று. அப்படிச் செய்தால் ஆண்டுக்கு 10 பங்கு செலவும் 8 பங்கு வரவும் எதிரெதிரே நின்று, உறுப்பினர் கண்ணில் படுவது வெறும் 2 பங்காகிவிடும். கணக்கு விதிப்படி இதில் பிழை இல்லை, தணிக்கையாளரும் கையெழுத்திடுவார். ஆனால் பத்தாம் ஆண்டின் இறுதியில், வரவும் செலவும் சமமாகவே இருந்திருந்தால், சங்கத்திடம் தங்கியிருக்கக்கூடியது ஆண்டுக்கு அந்த 2 பங்கு வீதம் 20 பங்கு மட்டும். தேவைப்படுவதோ 100 பங்கும் அதற்குள் ஏறிய விலையும். இரண்டாம் முறையும் மானியம் வரும் என்ற நம்பிக்கைதான் இந்த இடைவெளியை மூடி வைத்திருந்தது. அந்த நம்பிக்கையை எந்த ஏட்டிலும் பதிய முடியாது.

மானியமே இல்லாமல் முழுத் தேய்மானத்தையும் செலவாகக் காட்டும் சங்கத்துக்கும் ஆபத்து உண்டு. தேய்மானம் என்பது ஏட்டில் எழுதப்படும் தொகை. அந்த அளவுக்கு வங்கியில் பணம் தங்கியிருக்கலாம், அல்லது புதிய மின்விளக்குகளிலோ மாநிலப் போட்டிப் பயணத்திலோ கரைந்திருக்கலாம். ஆகவே தரைக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று தொடங்கி, அதிலிருந்து எடுக்கப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று விதி செய்துகொள்ளுங்கள். அந்தக் கணக்குக்கு ஒவ்வோர் ஆண்டும் செலுத்த வேண்டிய தொகையைக் கழித்த பிறகு மிஞ்சுவதை மட்டும் உபரி என்று அழையுங்கள். இந்தக் கழித்தலை உங்கள் நான்கு ஆண்டுக் கணக்குகளிலும் செய்து பாருங்கள். அவற்றில் சில பற்றாக்குறை ஆண்டுகளாக மாறினால் நான் வியப்படைய மாட்டேன்.

கேள்வி: இந்த ஆண்டு உறுப்பினர் எண்ணிக்கை 15 விழுக்காடு கூடியதாக அறிக்கை பெருமைப்படுகிறது. மைதானத்தில் பழைய முகங்கள் குறைந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. என் கண்தான் பொய் சொல்கிறதா?

பதில்: உங்கள் கண்ணும் அறிக்கையும் ஒருசேர உண்மை சொல்லக்கூடும். கடந்த ஆண்டு 400 பேர், இந்த ஆண்டு 460 பேர் என்று கொள்ளுங்கள். இந்த 460 பேரில் 220 பேர் புதியவர்கள் என்றால், பழைய 400 பேரில் திரும்பி வந்தவர்கள் 240 பேர்தாம். வளர்ச்சி 15 விழுக்காடு. விலகியவர்கள் 40 விழுக்காடு. ஓட்டைக் குடத்தில் வேகமாக நீர் ஊற்றினாலும் நீர்மட்டம் உயரத்தான் செய்யும்.

திரும்பி வந்தோர் விகிதத்தை அறிக்கைகள் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. எண்கள் இல்லாமலில்லை, பதிவேட்டில் இரண்டு ஆண்டுப் பெயர்களை அருகருகே வைத்து ஒப்பிட ஒரு மாலைப்பொழுது போதும். ஒப்பிடும்போது வயது வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பதின்ம வயதின் நடுவிலும் பள்ளிப் படிப்பு முடியும் ஆண்டிலும் எண்ணிக்கை சரிந்தால், அதற்குப் படிப்பு, இடமாற்றம் என வெளிக் காரணங்கள் உண்டு. ஆனால் சேர்ந்த முதல் ஆண்டிலேயே பாதிப் பேர் போய்விட்டால், காரணத்தைச் சங்கத்துக்குள்தான் தேட வேண்டும். பயிற்சிக்கு வந்த குழந்தை மட்டையோடு வரிசையில் நின்ற நேரம் அதிகமா, பந்தைத் தொட்ட நேரம் அதிகமா என்று ஒருநாள் ஓரத்தில் நின்று கடிகாரம் பார்த்து எண்ணினாலே விடை கிடைத்துவிடும்.

எண்ணும் முறையையும் கேளுங்கள். ஒரே சிறுமி 14 வயதுக்குட்பட்டோர் அணியிலும் 16 வயதுக்குட்பட்டோர் அணியிலும் ஆடினால் அவள் ஒருத்தியா, இருவரா? பள்ளி முகாமில் ஒரே ஒரு நாள் மட்டையைப் பிடித்த குழந்தையும் உறுப்பினரா? மானிய விண்ணப்பத்துக்காகப் பெருக்கிய எண்ணே பிறகு ஆண்டறிக்கையிலும் குடியேறிவிடுவது உண்டு.

கேள்வி: மகளிர் ஹாக்கிக்குச் சங்கம் சம வாய்ப்பு தருகிறது என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. இதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: மைதான ஒதுக்கீட்டு அட்டவணையில். மாலை 6 மணி யாருக்கு, இரவு 9 மணி யாருக்கு என்பதை எண்ணுங்கள். பன்னாட்டு ஹாக்கிக் கூட்டமைப்பு 1924இல் தோன்றியது; மகளிருக்கெனத் தனியாக இயங்கிவந்த பன்னாட்டுக் கூட்டமைப்பு அதனுடன் இணைந்தது 1982இல்தான். ஒலிம்பிக்கில் ஆடவர் ஹாக்கி 1908இலும் மகளிர் ஹாக்கி 1980இலும் நுழைந்தன. இன்று அங்கே இரு பிரிவிலும் 12 அணிகள். உச்சியில் வந்துவிட்ட சமத்துவம் வட்டார மைதானத்தின் நேர அட்டவணைக்கு இன்னும் இறங்கி வரவில்லையென்றால், அந்த ஒரு வரிக்கு மதிப்பில்லை.

கேள்வி: எங்கள் லீக்கில் 8 அணிகள் இருந்தன, இந்த ஆண்டு 10 ஆயின. இரண்டே அணிகள் கூடியதற்குப் போட்டிக் காலம் முழுவதும் குழப்பம்: ஆட்டங்கள் தள்ளிப்போயின, சில நடக்கவே இல்லை, ஒரு சில ஆட்டங்களில் கோல் வேறுபாடு பத்தைத் தாண்டியது. நிர்வாகத் திறமையின்மை என்று சொல்லலாமா?

பதில்: திறமையின்மை என்பதைவிடப் பெருக்கல் மறந்தது என்று சொல்வேன். ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியுடனும் இருமுறை மோதினால், 8 அணிகளுக்கு 56 ஆட்டங்கள். 10 அணிகளுக்கு 90. அணிகள் 25 விழுக்காடு கூடின, ஆட்டங்களோ ஏறக்குறைய 60 விழுக்காடு. ஓர் ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக ஆடப்படுகிறது. இடைவேளைகள், அணிகள் களம் மாறும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்தால் 90 நிமிடம் ஒதுக்குவதுதான் நேர்மையான திட்டம். நாளொன்றுக்கு 6 மணி நேரம் தரை கிடைக்கிறதென்றால் 4 ஆட்டங்கள். முன்பு 14 நாள்களில் முடிந்த லீக்குக்கு இப்போது 23 நாள்கள் வேண்டும். ஆட்டத்துக்கு இரு நடுவர் என்ற கணக்கில் நடுவர் பணிகள் 112இலிருந்து 180 ஆகின்றன. இந்தக் கூடுதல் நாள்களும் நடுவர்களும் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்காமலே புதிய அணிகளின் நுழைவுக் கட்டணத்தை வாங்கியதுதான் தவறு.

அடுத்த ஆண்டு 10 அணிகளை வலிமை வாரியாக ஐந்தைந்தாக மேல், கீழ் என இரு பிரிவுகளாக்கி, பிரிவுக்குள் ஒவ்வோர் இணையும் மும்முறை மோதட்டும். மொத்தம் 60 ஆட்டங்கள். ஓர் அணிக்கு 12. வலிமை ஒத்த அணிகள் மோதுவதால் உங்களை வருத்திய கோல் மழையும் குறையும். ஆண்டிறுதியில் மேல் பிரிவின் கடைசி அணியும் கீழ்ப் பிரிவின் முதல் அணியும் இடம் மாறிக்கொள்ளலாம். பெரிய கிளப்புகளுடன் மோதும் வாய்ப்பு போய்விட்டதே என்று புதிய அணிகள் முதலில் முணுமுணுக்கும். அதற்காகத் தனியாக ஒரு நாக்-அவுட் கோப்பை நடத்துங்கள்.

நடக்காமல் போன ஆட்டங்களின் எண்ணிக்கையையும், எதிரணி வராததால் வாக்ஓவரில் முடிந்தவற்றையும் அறிக்கையில் அச்சிடச் சொல்லுங்கள். ஒரு பருவத்தின் உடல்நலத்தைக் கோப்பைகளைவிட அந்த இரு எண்கள் தெளிவாகக் காட்டும்.

கேள்வி: வட்டாரப் பிரதிநிதி அணிகளுக்கான பயணமும் தங்குமிடமும் சீருடையும் செலவில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. என் மகன் தேர்வாகவில்லை. என் சந்தாவில் மற்றவர் பிள்ளைகள் பயணம் செய்வது நியாயமா?

பதில்: ஓரளவுக்கு நியாயம். பிரதிநிதி அணி இல்லையென்றால் நல்ல ஆட்டக்காரர்கள் வேறு வட்டாரத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களோடு பயிற்சியாளர்களும் போவார்கள். அந்த இழப்பு உங்கள் மகனையும் தொடும். ஆனால் அந்த ஓரளவு எவ்வளவு என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும். அணிகளுக்கான மொத்தச் செலவில் பெற்றோர் பங்கு, விளம்பரதாரர் பங்கு, பொதுச் சந்தாவிலிருந்து போனது ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டினால் விவாதத்தின் சூடு பெருமளவு தணியும். மறைக்கப்பட்ட சிறு தொகை, அறிவிக்கப்பட்ட பெருந்தொகையைவிட அதிகக் கோபத்தைக் கிளப்பும். பணமில்லாத காரணத்தால் தேர்வுக்கே வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கேள்வியும் இதில் அடக்கம். பெற்றோரே முழுச் செலவையும் ஏற்கட்டும் என்று நீங்கள் கோருவதானால், அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: ஐவர் ஹாக்கி எங்களைப் போன்ற சிறு சங்கங்களுக்கு உதவுமா?

பதில்: உதவும். சிறிய களமும் குறைந்த ஆட்களும் போதும். 2014 நான்ஜிங் இளையோர் ஒலிம்பிக்கில் ஆடப்பட்டு, 2024இல் மஸ்கட்டில் உலகக் கோப்பை வரை வந்துவிட்ட வடிவம் அது. பதினோரு பேரைச் சேர்க்க முடியாத கிளப் வாக்ஓவர் கொடுப்பதைவிட ஐவர் போட்டியில் ஆடுவது மேல்.

கேள்வி: புதிதாகப் பொருளாளர் பொறுப்பேற்றிருக்கிறேன். ஆண்டுக் கணக்கை முடிக்கும் நாளில் வங்கியில் பெருந்தொகை இருந்தது. மூன்றே மாதத்தில் பாதியாகிவிட்டது. அச்சமாக இருக்கிறது.

பதில்: கணக்காண்டு முடியும் சமயத்தில்தான் அடுத்த பருவத்துக்கான சந்தாவும் வந்து குவிந்திருக்குமானால் அச்சப்பட ஒன்றுமில்லை. அது முன்கூட்டிப் பெற்ற வருவாய். இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள், அதாவது சங்கம் பிறருக்குத் தர வேண்டியவை, என்ற பக்கம் நிற்க வேண்டியது. குறிப்பிட்ட பணிக்கென்று தரப்பட்ட மானியமும் அப்படியே: சிறுவர் பயிற்சிக்கு வந்த பணத்தில் மின்கட்டணம் செலுத்த முடியாது. இவை இரண்டையும் கழித்துவிட்டு மிஞ்சுவது, புதிய வருவாய் எதுவும் இல்லாமல் எத்தனை மாதம் சங்கத்தை நடத்தும் என்று பாருங்கள். 3 மாதத்துக்குக் குறைவென்றால் செயற்குழுவின் அடுத்த கூட்டத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். பொதுக்குழு வரை காத்திருக்க வேண்டாம். மாதாமாதம் பணம் வருவதையும் போவதையும் முன்கூட்டிக் காட்டும் ஓர் அட்டவணையையும் அத்துடன் இணையுங்கள். எந்த மாதத்தில் இருப்பு மிகத் தாழும் என்பதை அறிந்திருந்தால், அந்த மாதத்தில் புதிய கோல் கம்பங்கள் வாங்க யாரும் உங்களை வற்புறுத்த முடியாது.

கேள்வி: லீக் முடிவில் இரு கிளப்புகள் சம புள்ளிகள் பெற்றன. ஒரு கிளப் கோல் வேறுபாட்டைப் பார் என்கிறது. மற்றது நேருக்கு நேர் மோதியதில் நாங்கள்தான் வென்றோம் என்கிறது. எது சரி?

பதில்: உங்கள் சங்கத்தின் போட்டி விதிகளில் எது அச்சாகியிருக்கிறதோ அதுவே சரி. பன்னாட்டுப் போட்டிகளில் புள்ளிகள் சமமானால் முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை, அடுத்து கோல் வேறுபாடு, பிறகு அடித்த கோல்கள், அதற்கும் பிறகே நேருக்கு நேர் முடிவு என்ற வரிசை பின்பற்றப்படுகிறது. உங்கள் விதிகள் பன்னாட்டு விதிமுறைகளைத் தழுவுவதாகச் சொல்லியிருந்தால் இந்த வரிசை பொருந்தும். இது பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், போட்டி முடிந்த பிறகு விதி எழுதுவது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தகராறில்தான் முடியும். இந்த ஆண்டுக் கோப்பையை ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன் விதியை நிறைவேற்றிக்கொள்ளுங்கள்.