அப்பாவோட பழைய யாஷிகா எஃப்எக்ஸ்-3 ஃபிலிம் கேமராவுல எடுத்த போட்டோ எல்லாத்துலயும் ஆரஞ்சு கறை வருது, லென்ஸ் மாத்தணுமா?

மாத்தாதீங்க, காசு வேஸ்ட். உங்ககிட்டயும் எவனோ லென்ஸ்னு தான் சொல்லிருப்பான்.

என்கிட்டயும் அதே எஃப்எக்ஸ்-3 தான், சித்தப்பா குடுத்தது. மேல் தோல் பொருக்கு பொருக்கா உரிஞ்சு கையோட வரும், உங்களதும் அப்படித்தான் இருக்கும். மாசி மகத்துக்கு எங்க கடலூர் தேவனாம்பட்டினத்துல சாமிங்கள்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிக்கும்ல, அத ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். கழுவி வந்தா பாதிக்கு மேல இடது ஓரம் ஆரஞ்சா எரியுது. ஸ்டுடியோக்காரர் ஸ்கேன மட்டும் பாத்துட்டு "லென்ஸ்ல ஃபங்கஸ் சார், மாத்திடுங்க, நம்மகிட்டயே ஒண்ணு இருக்கு"ன்னாரு. இருக்கும்ல!

நெகட்டிவ குடுங்கன்னேன். "அதெல்லாம் இப்ப யாரு சார் கேக்குறா"ன்னு சலிச்சுக்கிட்டே எடுத்து குடுத்தாரு. ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சா, கறுப்பா ஒரு திட்டு (நெகட்டிவ்ல வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும்), ஃப்ரேமோட நிக்காம ஓரத்துல இருக்கிற பல் ஓட்டை வரைக்கும் வழிஞ்சிருக்கு. லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் அந்த சட்டத்த தாண்டவே தாண்டாது, அப்ப ஃபிலிம் போடுற பின்கதவு இடுக்கு வழியா தானே பூந்திருக்கும்? ஸ்கேன்ல ஓரத்த வெட்டிடுவாங்க, அதனால ஸ்கேன வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கலரும் சாட்சி. பின்னாடி இருந்து பூந்தா ஃபிலிம்ல சிவப்பு லேயர்ல தான் முதல்ல படும், அதான் ஆரஞ்சு. கேமராவுக்குள்ள படம் தலைகீழா, இடவலம் மாறி விழும், அதனால படத்துல இடது ஓரம்னா கேமராவ பின்னாடி இருந்து பாத்தா வலது பக்கம், அதாவது கதவு கீல் இருக்கிற இடம். கீல் பக்கத்து ஃபோம (இடுக்கு வழியா வெளிச்சம் பூராம ஒட்டிருக்கிற ஸ்பாஞ்சு) தொட்டேன், தார் மாதிரி விரல்ல ஒட்டிக்கிச்சு. அந்தக் காலத்து ஃபோம் ஈரக்காத்துல தானாவே கரைஞ்சு பிசுபிசுன்னு ஆயிடும், நம்ம ஊரு கடல் காத்துக்கு சொல்லவே வேணாம்.

சந்தேகம்னா ரோல் போட்டதும் கீல் மேலயும் கதவு இடுக்குலயும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி பாதி எடுங்க, மீதிய டேப் இல்லாம எடுங்க. வெயில்ல கொஞ்ச நேரம் தொங்கவிட்டுட்டு எடுத்தா தான் தெரியும், கடகடன்னு எடுத்தா கறை விழாமலே போயிடும். ஃப்ரேமுக்குள்ளயே ஒரே இடத்துல புள்ளி வந்தா அது ஷட்டர்ல (ஃபிலிமுக்கு முன்னாடி திறந்து மூடுற திரை) ஓட்டை, பென்டாக்ஸ் கே1000 மாதிரி துணி ஷட்டர்காரங்களுக்கு வர்ற தொல்லை.

பழைய ஃபோம ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பல்குச்சியால சுரண்டுங்க, மொபைல் ரிப்பேர் கடைல கேட்டா கிடைக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேணவே வேணாம், பிளாஸ்டிக்க தின்னுடும். தூள் ஷட்டர் தகடு மேல விழாம கேமராவ சாய்ச்சு பிடிங்க, ஷட்டர்ல விரல் படக்கூடாது. கதவு விளிம்பு போய் உக்கார்ற பள்ளத்துக்குள்ள கறுப்பு உல்லன் நூல், கீல் பக்கம் கறுப்பு வெல்வெட் துண்டு, எல்லாம் லாரன்ஸ் ரோடு பக்கமே வாங்கினது. ரெடிமேட் ஃபோம் கிட் ஆன்லைன்ல விக்குது, தெரியும், அத சொல்ல யாரும் கமெண்ட்டுக்கு வராதீங்க. நான் மெக்கானிக் இல்ல, ஆனா என் கேமராவுல அப்புறம் கறை வரல.

இந்த நெகட்டிவ் விஷயத்துல எனக்கு தனி வயித்தெரிச்சல் இருக்கு. எங்க அக்கா கல்யாண நெகட்டிவ ஸ்டுடியோல கடைசி வரைக்கும் தரவே இல்ல, ஆல்பத்துல தண்ணி பட்டு போனப்ப போய் கேட்டா "கடைய மாத்தும்போது போட்டுட்டோம்"னு கூலா சொல்றாங்க. தாலி கட்டுற படமே இப்ப இல்ல. காசு குடுத்தவனுக்கு சொந்தமா அவங்களுக்கா?

சரி, விடுங்க. கேமராவ லெதர் கவர்ல போட்டு பீரோவுல வைக்காதீங்க, சிலிக்கா ஜெல் போட்ட டப்பால வைங்க, ஃபிலிம நிழல்ல மாத்துங்க. இந்த ரோல் நெகட்டிவ் கைல இருந்தா ஓரம் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து போடுங்க, எந்தப் பக்கம்னு பாத்து சொல்றேன்.