மணி அடித்தால் ஓடி வருவது யார்? முதியோருக்கான கருவிகள்: கேள்வி-பதில்

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். போன மாதம் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். கழுத்தில் மாட்டும் எஸ்ஓஎஸ் பட்டன் வாங்குவதா, விழுந்தால் தானாகவே தகவல் சொல்லும் வாட்ச் வாங்குவதா?

பதில்: பட்டன். ஆனால் அதற்கு முன்னால் வீட்டுக் கதவைப் பாருங்கள். அம்மா பட்டனை அழுத்தி, உங்களுக்கு அழைப்பு வந்து, நீங்கள் பக்கத்து வீட்டாரை ஓடச் சொல்லி, அவரும் இரண்டே நிமிடத்தில் வந்து நின்றாலும், உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் கதவை உடைக்கத்தான் வேண்டும். தெருக்கதவுக்கு இரண்டு பக்கமும் சாவி போடும் நைட் லாட்ச் பொருத்துங்கள். உள்ளே சாவி செருகியிருக்கும்போதே வெளியிலிருந்து இன்னொரு சாவியால் திறக்க முடிகிறதா என்று கடையிலேயே சோதித்து வாங்குங்கள். எல்லாப் பூட்டும் அப்படித் திறப்பதில்லை. குளியலறைக் கொண்டியை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருப்பினால் திறக்கும் பூட்டைப் போடுங்கள். மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். எந்தக் கருவியை விடவும் அவசரத்தில் கைகொடுப்பது இதுதான்.

இனி பட்டன். மலிவாக விற்கும் பல பட்டன்கள் 2ஜி சிம்மில் மட்டுமே வேலை செய்யும். ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் கருவி ஊமையாகிவிடும். அட்டைப்பெட்டியில் ‘4ஜி வோல்ட்டி’ (4G VoLTE) என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கிய பிறகு பலர் கோட்டை விடுவது ரீசார்ஜில். சிம்மின் காலம் முடிந்தது யாருக்கும் தெரியாது, பட்டனை அழுத்தும் அன்றைக்குத்தான் தெரியும். பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டுமான பேக் கொடுத்தாக வேண்டும் என்றும், சிறப்புத் திட்டங்களை 365 நாள் வரை தரலாம் என்றும் 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. டேட்டா இல்லாத நீண்ட கால பேக்கைக் கேட்டு வாங்கி, முடியும் தேதியை உங்கள் போன் காலண்டரில் போட்டு வையுங்கள்.

அழைப்பு போகும் வரிசையில் உங்கள் எண்ணை முதலில் போடாதீர்கள். பெங்களூரிலிருந்து நீங்கள் போய்ச் சேர ஒரு ராத்திரி ஆகும். முதல் எண் பக்கத்து வீடு, இரண்டாவது அதே தெருவில் இன்னொருவர், மூன்றாவதாக நீங்கள். சிலர் வரிசையில் 108ஐயும் சேர்த்துவிடுகிறார்கள். தெரியாமல் கை பட்டாலும் ஆம்புலன்ஸுக்கு அழைப்பு போய்விடும். வந்து பார்ப்பவரே 108ஐ அழைக்கட்டும்.

வாங்கிய அன்றே அம்மாவின் கையாலேயே அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று விநாடி தொடர்ந்து அழுத்த வேண்டிய பட்டனை மூட்டுவலி உள்ள கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க முடியாமல் போகலாம். வயதானவர்களின் வறண்ட விரல் நுனியைத் தொடுதிரை பல நேரம் உணர்வதே இல்லை. அதனால் ‘டிக்’ என்று உள்ளே போகும் நிஜப் பட்டனாகவே இருக்கட்டும். வீட்டுக்குள் வைத்த ஒரு பெட்டி வழியாகப் பட்டன் அழைப்பு அனுப்பும் வகை என்றால், கொல்லைக் கோடியிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் அழுத்திப் பாருங்கள். பழைய வீட்டின் கனத்த சுவர்கள் சிக்னலைத் தின்றுவிடும். தண்ணீர் புகாத தரக் குறி, குறைந்தது ஐபி67, இருக்க வேண்டும். குளிக்கப் போகும்போது கழற்றி வைக்கிற பட்டனால் குளியலறையில் விழுந்தவருக்குப் பயனில்லை.

வாட்ச் வேண்டாம் என்று நான் சொல்லக் காரணம் சார்ஜ். பட்டனுக்குச் சில நாளுக்கு ஒரு முறை போதும். பெரும்பாலான வாட்சுகளுக்குத் தினமும் வேண்டும், கழற்றி வைத்ததை மறுபடி கட்ட மறந்துபோகும். அடுத்த குறை, தடாலென்று விழுந்தால்தான் வாட்ச் நன்றாக உணரும். சுவரைப் பிடித்துக்கொண்டே மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலும் தவற விட்டுவிடும். ஏற்கெனவே ஆப்பிள் வாட்ச் வீட்டில் இருந்து, அதை அம்மாவுக்குக் கொடுப்பதானால், உங்கள் பிறந்த தேதியோடு அப்படியே கொடுக்காதீர்கள். பதிந்த வயது 55 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் விழுவதை உணரும் வசதி தானாக இயங்கத் தொடங்கும். இல்லாவிட்டால் அமைப்பில் போய் நீங்களே இயக்க வேண்டும். செல்லுலார் வசதி இல்லாத மாடலுக்குப் பக்கத்தில் ஐபோனோ, பழகிய வைஃபையோ இல்லாமல் அழைப்பு போகாது.

கேள்வி: மாமனாருக்கு ப்ளூடூத் பிபி மெஷின் வாங்கினோம். அளவு என் போனுக்கே வந்துவிடுகிறது. ஆனால் வீட்டில் 160 காட்டுகிறது, டாக்டரிடம் 130தான். மெஷின் பழுதா? கம்பெனியில் மாற்றித் தருவார்களா? (வாசகி, மதுரை)

பதில்: மெஷினைக் குறை சொல்வதற்கு முன் தையல் டேப்பை எடுத்து, மாமனாரின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்து பாருங்கள். பெட்டியோடு வரும், கையில் சுற்றும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்கானது. அவருக்கு 34 இருந்தால் அந்தப் பட்டை பிபியைக் கூட்டியே காட்டும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கும், ஆனால் அதே கம்பெனியின், அதே மாடலுக்கான பட்டையாக இருக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி குழாய் முனை மட்டுமல்ல, உள்ளே கணக்குப் போடும் முறையும் வேறு.

அடுத்தது உட்காரும் விதம். அளப்பதற்கு அரை மணிக்கு முன்பிருந்து காபி, புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றக் கூடாது. கையை மேசை மேல், நெஞ்சு மட்டத்தில் தாங்கி வையுங்கள். ஓர் அங்குலம் கீழே தொங்கினால் சுமார் 2 புள்ளி கூடும். கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டபடி, கையை மடியில் வைத்துக்கொண்டு, டிவி செய்தியைப் பற்றிப் பேசியபடியே அளந்தால், எல்லாம் சேர்ந்து எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடும்.

பட்டையும் சரி, முறையும் சரி, அப்படியும் வீட்டில் கூடத்தான் வருகிறது என்றால், மெஷினையே டாக்டரிடம் எடுத்துப் போங்கள். அங்கே அதே கையில் இரண்டு கருவியாலும் மாற்றி மாற்றி அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மெஷின் நல்ல மெஷின். கிளினிக்கில் சரியாகவும் வீட்டில் அதிகமாகவும் இருக்கும் பிபி நிஜமாகவே உண்டு. டாக்டர் அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். இதயம் ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களுக்கு இந்த மெஷின்கள் ஒவ்வொரு தடவையும் வேறு எண் காட்டக்கூடும், அதையும் கேட்டுவிடுங்கள்.

போனுக்கு வரும் கணக்கிலும் இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கும். மாமியாரும் அதே மெஷினில் அளந்தால், ‘1’, ‘2’ என்ற ஸ்விட்சை மாற்ற மறந்து, அவருடைய அளவும் மாமனார் கணக்கில் போய் விழும். பேட்டரி மாற்றியதும் சில மெஷின்களில் தேதி பழையபடி தொடக்கத்துக்கே போய்விடும். அப்புறம் வரும் அளவெல்லாம் வேறு வருடத்தில் பதிவாகும்.

ஒவ்வொரு அளவுக்கும் உங்கள் போன் மணியடிக்கும்படி வைக்காதீர்கள். இரண்டு வாரத்தில் அந்தச் சத்தம் உங்களுக்குப் பழகிவிடும், நிஜமான ஆபத்தும் அதில் கரைந்துபோகும். டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய 7 நாள், காலையிலும் மாலையிலும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதன் சராசரியைக் கொண்டு போங்கள். வீட்டுச் சராசரி 135/85ஐத் தாண்டினால் பேச வேண்டிய விஷயம். 180/120க்கு மேல் காட்டினால் ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி அளங்கள், குறையாவிட்டால் உடனே டாக்டரை அழையுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல், வாய் குழறல் இருந்தால் எண்ணே பார்க்க வேண்டாம், 108.

கேள்வி: ஊசி குத்தாமல் சர்க்கரை பார்க்கும் வாட்ச் 2,499 ரூபாய்க்கு விளம்பரம் வருகிறது. அப்பாவுக்கு வாங்கலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: வாங்காதீர்கள். தோலுக்குள் எதுவும் போகாமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. அப்பா இன்சுலின் போடுபவராக இருந்து, வாட்ச் காட்டிய பொய் எண்ணைப் பார்த்து ஊசியைக் கூட்டினால், தாழ்சர்க்கரையில் மயங்கி விழக்கூடும். குத்துவதுதான் தொந்தரவு என்றால், கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சிஜிஎம் சென்சாரைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதற்கும் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போகும், ஆனால் அது உண்மையாகவே அளக்கிறது.

கேள்வி: அத்தைக்கு ஞாபகமறதி தொடங்கியிருக்கிறது. கேமரா வைக்கலாம் என்றால், ‘என்னை வேவு பார்க்கிறீர்களா’ என்று அழுகிறார். என்ன செய்வது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அத்தை சொல்வது நியாயம். படுக்கையறையில் கேமரா வேண்டாம். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அவர் எழுந்தாரா, சாப்பிட்டாரா, மாத்திரை எடுத்தாரா என்பது. அதற்கு முகம் தேவையில்லை. சமையலறை வாசலில் ஓர் அசைவு சென்சார், பிரிட்ஜ் கதவிலும் மாத்திரை அலமாரியிலும் திறந்தால் தெரியும் சென்சார், ஆக மூன்று போதும். காலை 9 மணி வரை சமையலறையில் அசைவு இல்லையென்றால் மட்டும் உங்களுக்குச் செய்தி வரும்படி அமையுங்கள். என்ன வைக்கிறீர்கள், எதற்காக என்று அவரிடமே சொல்லிவிட்டு, அவர் முன்னாலேயே ஒட்டுங்கள்.

அமைக்கும்போது மாட்டிக்கொள்ளும் இடம் வைஃபை. இந்தச் சென்சார்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் இணைப்பு பாதியில் நின்றுவிடலாம்; 2.4க்குத் தனிப் பெயர் கொடுங்கள். கரண்ட் போனால் ரவுட்டரோடு எல்லாம் செத்துவிடும், அதனால் ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வேண்டும். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பின்னின் பருமனும் பொருந்துகிறதா பாருங்கள். 12 வோல்ட் என்பது மட்டும் ஒத்து, பின் லூசாக இருந்தால் ஆட்டம் கண்டு கண்டு இணைப்பு அறுந்துகொண்டே இருக்கும். உங்கள் போனில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி சேமிப்பை நிறுத்திவையுங்கள்; இல்லாவிட்டால் போன் அதைத் தூங்கவைத்துவிடும்.

மாத்திரை அலாரத்தின் கீச்சென்ற சத்தம் அத்தைக்குக் கேட்காமல் போகலாம். வயதானால் முதலில் குறைவது உச்ச சுருதிதான். தாழ்ந்த குரலில் ஒலிப்பதையோ, உங்கள் குரலையே பதிந்து ஒலிப்பதையோ வாங்குங்கள். மாத்திரைப் பெட்டியில் நிரப்பும்போது மருந்துக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். டாபிகாட்ரான் போன்ற சில மருந்துகளை அவற்றின் உறையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைக்கக் கூடாது.

கேள்வி: ‘எல்லா சிம்மும் இயங்கும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் எஸ்ஓஎஸ் பட்டன் வாங்கினேன். எங்கள் சிம்மில் வேலை செய்யவில்லை. ‘பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். (வாசகர், திருநெல்வேலி)

பதில்: அப்படி மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளை விற்றவர் திரும்ப எடுத்தாக வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள். முதல் வேலையாக அந்த விளம்பரப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அந்த வரி காணாமல் போகலாம். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே பதியலாம், கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் திருநெல்வேலியிலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

பணம் திரும்ப வந்து வேறு பட்டன் வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: அழைப்பு சிம்மிலிருந்து நேராகப் போகிறதா, கம்பெனியின் சர்வர் வழியாகப் போகிறதா? சர்வர் வழி என்றால் மாதச் சந்தா நின்ற அன்று அது வெறும் டாலர்தான்.