வானவில் ஏன் மதியத்தில் வருவதில்லை? – கேள்வி பதில்

பிடோக் வாசகி: சார், மதியம் வெயிலடிக்கும்போதே மழை பெய்கிறது. ஆனால் வானவில்லைக் காணோமே?

பதில்: நேரம்தான் காரணம், அம்மா. சூரிய ஒளி மழைத்துளிக்குள் நுழையும்போது வளைகிறது, துளியின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்புகிறது, வெளியேறும்போது மறுபடி வளைகிறது. சிவப்பைவிட ஊதா அதிகம் வளைவதால் நிறங்கள் பிரிகின்றன. இந்த ஒளி எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறுவதில்லை. உங்கள் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து சுமார் 42 பாகை தள்ளித்தான் செறிந்து தெரியும். சூரியன் ஏற ஏற அந்த நிழலின் திசை கீழே இறங்கும். அதனால் சூரியன் அடிவானத்திலிருந்து 42 பாகைக்கு மேலே ஏறிவிட்டால் வில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் ஆண்டு முழுக்க மதியச் சூரியன் உயரத்தில்தான் நிற்கும். காலை 10 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் தேடிப் பாருங்கள்.

ஜூரோங் வாசகர்: எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

பதில்: சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். காலையில் மேற்கு, மாலையில் கிழக்கு. எனக்கு மாலைதான் பிடிக்கும். இடிமழை கிழக்கே நகர்ந்து, மேற்கே வெயில் திறந்தால், சூரியன் இறங்க இறங்க வில் உயரும். மறையும் நேரத்தில் ஏறக்குறைய அரைவட்டமாகவே நிற்கும். உயரமான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்!

ஈசூன் மாணவர்: இரட்டை வானவில்லில் வெளிவில்லின் நிறங்கள் ஏன் தலைகீழாக இருக்கின்றன, சார்?

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறாய், தம்பி. அந்த ஒளி துளிக்குள் இரண்டு முறை பட்டுத் திரும்புகிறது. அதனால் வரிசை மாறுகிறது, ஒளியும் மங்குகிறது. அது சுமார் 51 பாகையில் தெரியும். அடுத்த முறை இரண்டு வில்லுக்கும் நடுவே பார். அங்கே வானம் கருத்திருக்கும். அதற்கு அலெக்சாண்டர் பட்டை என்று பெயர்.

தெம்பனிஸ் வாசகர்: 2017 பிப்ரவரியில் இங்கே மேகத்தின்மேல் வண்ணங்கள் தெரிந்தனவே, அதுவும் வானவில்தானா?

பதில்: இல்லை. மேகத்தின் மிக நுண்ணிய துளிகளைச் சுற்றி ஒளி விலகிப் பரவுவதால் வரும் வண்ணம் அது. சூரியன் இருக்கும் பக்கத்திலேயே தெரியும்.

புங்கோல் வாசகி: என் வெயில் கண்ணாடியைப் போட்டால் வில்லின் உச்சி மங்கிவிடுகிறதே?

பதில்: உங்களுடையது போலராய்டு கண்ணாடியாக இருக்கும். வில்லின் உச்சியிலிருந்து வரும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்வது. அந்தக் கண்ணாடி தடுப்பதும் அதைத்தான். தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள், உச்சி திரும்பத் தெரியும்.